நான்காவது இருக்கை

2025 ஜனவரி 7. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மேற்கு ஓரம், மலையும் கடலும் நெருங்கி நிற்கும் பாலிசேட்ஸ் பகுதியில் முற்பகலில் பிடித்த தீ, மாலைக்குள் தெருத்தெருவாக வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. அன்று மாலையே நகரின் மறுபக்கம், ஆல்டடீனாவை ஒட்டிய ஈட்டன் பள்ளத்தாக்கில் இன்னொரு தீ. சாண்டா அனா காற்று மணிக்கு 130 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் மலைமுகடுகளில் அடித்தது. விமானமும் ஹெலிகாப்டரும் அன்றிரவு பறக்க முடியவில்லை. வானிலிருந்து செந்நிறக் கரைசல் கொட்டும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த இரவு வேறு மாதிரி இருந்தது. தரையில் நின்ற வண்டிகளும் அவற்றில் வந்த மனிதர்களும் மட்டுமே தீயின் எதிரே இருந்தார்கள்.

இரண்டு தீயிலும் சேர்த்து 31 பேர் இறந்தார்கள். 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அதன் பிறகு நீர்த்தேக்கம், மின்கம்பி, காப்பீடு, மேயர் என்று எல்லாவற்றைப் பற்றியும் விவாதம் நடந்தது. ஒரு கேள்வி மட்டும் ஓரத்திலேயே நின்றுவிட்டது. காட்டுத்தீக்கு விரையும் ஒரு வண்டியில் எத்தனை பேர் ஏறி வருகிறார்கள், அவர்கள் யார், என்ன சம்பளத்துக்கு, எத்தனை நாள் வீட்டுக்குப் போகாமல் வருகிறார்கள்? தீயின் அளவை ஏக்கரில் சொல்கிறோம், செலவைக் கோடியில் சொல்கிறோம். ஆனால் தீ பத்து ஏக்கரில் நிற்பதும் பத்தாயிரம் ஏக்கராக விரிவதும் பல நாள்களில் அந்த வண்டியின் பின் இருக்கையில் தீர்மானமாகிறது. அந்த இருக்கையின் கதையைச் சொல்ல உலகில் கலிஃபோர்னியாவைவிடப் பொருத்தமான இடம் இல்லை. மாநில அரசு ஒன்று காட்டுத்தீக்கென்றே வைத்திருக்கும் படைகளில் இவ்வளவு பெரியதும் இவ்வளவு சோதிக்கப்பட்டதும் அபூர்வம்.

வண்டிக்குள் யார்?

கலிஃபோர்னியா மாநில வனம் மற்றும் தீப்பாதுகாப்புத் துறையைச் சுருக்கமாக ‘கால் ஃபயர்’ என்பார்கள். அதனிடம் 350க்கும் மேற்பட்ட தீயணைப்பு வண்டிகள் உள்ளன. அங்கே வண்டியையே ‘எஞ்சின்’ என்றுதான் சொல்கிறார்கள். நகரத்தில் ஓடும் எஞ்சின் வேறு, காட்டுக்குப் போகும் எஞ்சின் வேறு. நகர எஞ்சின் நீளமானது. தெருக் குழாயில் இணைத்து நிமிடத்துக்கு ஆயிரம் காலன் நீரை அடிக்கும் பம்பு அதில் இருக்கும். காட்டு எஞ்சின் குட்டை. நான்கு சக்கரங்களும் இழுக்கும். தரையிலிருந்து உயர்ந்து நிற்கும். மண்பாதையில் மெல்ல ஊர்ந்துகொண்டே நீர் பாய்ச்சும். ‘டைப் 3’ என்று வகைப்படுத்தப்படும் இந்த வண்டி குறைந்தது 500 காலன், அதாவது ஏறத்தாழ 1,900 லிட்டர் நீரைச் சுமக்கும். நிமிடத்துக்கு 60 காலன் வீதம் பாய்ச்சினால் எட்டே நிமிடத்தில் தொட்டி காலி. அந்த எட்டு நிமிடத்தை எப்படிச் செலவிடுவது என்பதுதான் இந்தத் தொழிலின் பாதி.

மூன்று பேரோடு கிளம்பும் ஒரு மாநில எஞ்சினை எடுத்துக்கொள்வோம். பொறுப்பாளர் ஒருவர். அவர் கேப்டனாக இருக்கலாம், எஞ்சினியராக இருக்கலாம். எஞ்சினியர் என்றால் கல்லூரிப் பட்டம் பெற்றவர் அல்ல. வண்டியை ஓட்டவும் பம்பை இயக்கவும் தேர்ச்சி பெற்ற தீயணைப்பாளர். பல நேரங்களில் இந்த ஒருவரே ஓட்டுநர், பம்பு இயக்குபவர், கட்டளை இடுபவர். பின்னால் இரண்டு ‘ஃபயர் ஃபைட்டர் ஒன்று’ நிலை ஊழியர்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் இளைஞர்கள். அவர்கள் நிரந்தர ஊழியர்கள் அல்லர். ஆண்டுக்கு ஒன்பது மாதம் வரை மட்டுமே வேலை. பருவம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விட்டு அடுத்த கோடையில் மறுபடி வர வேண்டும்.

மலைச்சரிவில் தீ மேலேறிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி போகக்கூடிய கடைசி இடத்தில், எரிந்து முடிந்த பகுதியையோ சாலையையோ பின்காவலாக வைத்து நிறுத்துவார்கள். ஒருவர் பம்பை விட்டு நகர முடியாது. மீதிப் பேர் முதுகில் குழாய்ச் சுருளைச் சுமந்துகொண்டு தீயின் ஓரத்தைத் தொட்டபடி மேலேறுவார்கள். ஒவ்வொரு குழாயும் ஏறத்தாழ 30 மீட்டர். அது தீர்ந்ததும் நீர் ஓடிக்கொண்டிருக்கும் குழாயைக் கவ்வியால் நெரித்து, முனையைக் கழற்றி, அடுத்த குழாயை இணைத்து, முனையை மறுபடி மாட்டி, கவ்வியைத் தளர்த்த வேண்டும். அந்த அரை நிமிடத்தில் முன்னால் நிற்பவரிடம் நீர் இல்லை. ஆகவே முனையைப் பிடிப்பவர், இணைப்பைப் போடுபவர், கீழிருந்து சுருள்களைத் தூக்கி வருபவர் என மூன்று பேர் வேண்டும். பம்போடு சேர்த்தால் நான்கு. மூன்று பேரோடு வந்த வண்டியில் இணைப்புப் போடுபவரே கீழே இறங்கி அடுத்த சுருளை எடுத்து வர வேண்டும். இன்னொரு எஞ்சின் வந்து சேரும்வரை வேகம் பாதியாகும். தீயின் வேகம் குறைவதில்லை.

2003 அக்டோபரில் தெற்குக் கலிஃபோர்னியா பற்றி எரிந்தபோது இது எல்லோருக்கும் உறைத்தது. அதையொட்டிய ஆண்டுகளில் உச்சப் பருவத்தில் ஒவ்வொரு மாநில எஞ்சினிலும் நான்கு பேர் ஏறினார்கள். பிறகு 2011-ல் மாநில கஜானா வற்றியது. சிக்கனத்துக்கு வழி தேடியவர்களின் கண்ணில் முதலில் பட்டவற்றில் ஒன்று அந்த நான்காவது இருக்கை. மூன்று பேரே போதும் என்று முடிவானது. வறட்சி கொடுமையாக இருந்த ஆண்டுகளில் கூடுதல் ஆள் போட்டார்கள், கழித்தார்கள், மறுபடி போட்டார்கள். வண்டி அப்படியே இருக்கும், நிலையம் அப்படியே இருக்கும், திறப்பு விழாப் படங்களில் எந்தக் குறையும் தெரியாது. ஆள் குறைந்தது மலையேறும்போது மட்டுமே தெரியும். அதனால்தான் அரசுகளுக்கு இந்த வெட்டு எளிதாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2010-ல் வெளியிட்ட ஆய்வு வீட்டுத்தீயைப் பற்றியது. அதில் நான்கு பேர் கொண்ட குழு, மூன்று பேர் கொண்ட குழுவைவிட ஏறத்தாழ 25 சதவீதம் விரைவாக வேலைகளை முடித்தது. வீட்டின் முன் சமதளத்திலேயே இந்த வித்தியாசம் என்றால், நாற்பது டிகிரி வெயிலில் செங்குத்துச் சரிவில் சுருளைச் சுமப்பவர்களுக்கு அது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

எந்த மண், யார் பொறுப்பு?

கலிஃபோர்னியாவில் தீப்பிடித்தால் முதலில் எழும் கேள்வி அந்த நிலம் யாருடைய பொறுப்பு என்பது. காடுகளில் பாதிக்கும் மேல் மத்திய அரசுக்குச் சொந்தம். அங்கே அமெரிக்க வனத்துறை வர வேண்டும். நகராட்சி எல்லைக்குள் என்றால் நகரத் தீயணைப்புத் துறை. இரண்டுக்கும் நடுவே தனியார் தோப்பு, மேய்ச்சல் நிலம், புதர்க்காடு, மலையடிவாரக் குடியிருப்பு என்று விரிந்து கிடக்கும் 3 கோடியே 10 லட்சம் ஏக்கர் மாநிலத்தின் பொறுப்பு. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைவிடச் சற்றே குறைவான நிலம் அது. காற்று இந்தக் கோடுகளைப் படிப்பதில்லை என்பதால் மூவரும் ஒருவருக்கொருவர் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு, அருகில் இருப்பவர் முதலில் ஓட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

இந்த நிலத்தை 21 ‘யூனிட்’களாகப் பிரித்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ், ஆரஞ்ச், வெஞ்சுரா, சாண்டா பார்பரா, கெர்ன், மரின் ஆகிய ஆறு மாவட்டங்களில் மாநிலம் நேரடியாக நிலையம் நடத்தாமல், மாவட்டத் தீயணைப்புத் துறைக்குப் பணம் கொடுத்துத் தன் வேலையைச் செய்யச் சொல்கிறது. வேறு இடங்களில் இதற்கு நேர்மாறு. ரிவர்சைடு மாவட்டம் தனக்கென்று படை வைத்துக்கொள்ளாமல் கால் ஃபயருக்குப் பணம் கொடுத்துத் தன் ஊர்த் தீயையும் ஆம்புலன்ஸ் அழைப்பையும் பார்க்கச் சொல்கிறது. ஒரே சீருடை, ஒரே நிலையம். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளில் ஒன்று மாநிலப் பணத்தில் ஓடும், மற்றது மாவட்டப் பணத்தில் ஓடும். ஊழியர்கள் இதை ‘ஷெட்யூல் ஏ’, ‘ஷெட்யூல் பி’ என்று பிரித்துச் சொல்வார்கள். மலையடிவாரத்துச் சிறு மாவட்டங்களுக்கு மூன்றாவது ஏற்பாடு ஒன்றும் உண்டு. குளிர்காலத்தில் மூட வேண்டிய மாநில நிலையத்தைக் கூடுதல் செலவை மட்டும் ஏற்று மாவட்டமே திறந்து வைத்துக்கொள்ளலாம். முதலில் அமடோர் மாவட்டத்தில் தொடங்கியதால் அதற்கு அமடோர் திட்டம் என்று பெயர். மலைக்கிராமத்தில் நள்ளிரவில் மாரடைப்பு வந்தவரின் வாசலுக்கு வந்து நிற்பது காட்டுத்தீ எஞ்சினாக இருப்பது இதனால்தான்.

2020 ஆகஸ்டில் சான் ஹோசே, ஃப்ரீமான்ட் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் இந்த அமைப்பின் உறுப்புகளைப் பெயர் சொல்லிப் படித்தார்கள். மழையில்லாத மின்னல் ஆயிரக்கணக்கில் இறங்கிப் பல நூறு இடங்களில் தீ வைத்தது. செய்திகளில் எஸ்.சி.யு. தீ, சி.இசட்.யு. தீ, எல்.என்.யு. தீ என்று வந்தது. அவை இடப்பெயர்கள் அல்ல. சாண்டா கிளாரா யூனிட், சான் மட்டேயோ - சாண்டா குரூஸ் யூனிட், சோனோமா - லேக் - நாபா யூனிட் என்ற நிர்வாகப் பிரிவுகளின் சுருக்கங்கள். ஒரு யூனிட்டின் எல்லைக்குள் ஒரே இரவில் எண்ணிப் பெயர் வைக்க முடியாத அளவு தீ பிடித்ததால், மொத்தத்துக்கும் யூனிட்டின் பெயரையே போட்டுவிட்டார்கள். சாண்டா குரூஸ் மலைகளில் 1,400க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. அங்கிருந்தவர்கள் கேட்ட உதவி முதல் நாள்களில் வந்து சேரவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். செப்டம்பர் 9 அன்று வளைகுடாப் பகுதியின் வானம் பகல் முழுவதும் ஆரஞ்சு நிறத்தில் இருண்டு கிடந்ததை அங்குள்ளவர்கள் இன்னும் மறக்கவில்லை.

ஐந்து வண்டி, ஒரு தலைவர்

கட்டுப்பாட்டு மையத்தில் அமர்ந்திருப்பவருக்கு, காலையில் வானிலை பார்த்ததுமே அன்றைய நாள் எந்தத் தரம் என்று தெரிந்துவிடும். குறைந்த அபாயம் என்றால் புகை என்ற அழைப்புக்கு ஓரிரு வண்டி. உச்ச அபாயம் என்றால் அதே ஒற்றை அழைப்புக்குப் பல எஞ்சின்கள், புல்டோசர்கள், கைக்குழுக்கள், விமானங்கள், ஹெலிகாப்டர், ஒரு பட்டாலியன் தலைவர் என்று கேள்வி கேட்காமல் எல்லாம் கிளம்பும். 95 சதவீதத் தீயைப் பத்து ஏக்கருக்குள் நிறுத்திவிட வேண்டும் என்பது துறையின் இலக்கு. நாம் பெயர் கேள்விப்படும் தீ எல்லாம் அந்த மீதி ஐந்து சதவீதத்தில் வருபவை.

அந்த வலையைத் தாண்டிப் பெருத்துவிட்டால் வெளியூர் வண்டிகள் தேவை. ஒரே வகையைச் சேர்ந்த ஐந்து எஞ்சின்களும், தனி வாகனத்தில் ஒரு தலைவரும் சேர்ந்தால் ஒரு ‘ஸ்ட்ரைக் டீம்’. ஐந்தும் ஒன்றாகக் கிளம்பி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகவே திரும்ப வேண்டும். நெடுஞ்சாலையில் சிவப்பு வண்டிகள் ஐந்து வரிசையாகப் போனால் எங்கோ ஓர் ஊர் ஆபத்தில் இருக்கிறது என்று அந்த மாநிலத்துக்காரர்களுக்குத் தெரியும்.

இந்த ஒழுங்கு எளிதில் வந்ததல்ல. 1970 இலையுதிர் காலத்தில் 13 நாள்கள் கலிஃபோர்னியா எரிந்தது. 16 பேர் இறந்தார்கள், 700க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. விசாரித்தபோது வெளிவந்தது ஆள் பற்றாக்குறையைவிட மோசமான ஒன்று. ஒரு துறையின் வானொலி அலைவரிசை மற்றதற்கு எட்டவில்லை. ஒரே கருவிக்கு ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு பெயர். ஒரே தீக்கு இரண்டு தளபதிகள், ஒருவரை ஒருவர் அறியாமல். அதிலிருந்துதான் ‘ஃபயர்ஸ்கோப்’ என்ற கூட்டுத் திட்டமும், அதன் வழியாக ஒரு சம்பவத்துக்கு ஒரே தலைமை, ஒரே சொற்கள், ஒருவருக்குக் கீழே அளவான எண்ணிக்கையில் ஆள்கள் என்ற கட்டளை முறையும் பிறந்தன. வெள்ளம், நிலநடுக்கம், மருத்துவமனை நெருக்கடி என்று உலகம் முழுக்க இன்று அந்த முறை பரவியிருக்கிறது. நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-ல் வெளியிட்ட சம்பவ நடவடிக்கை வழிகாட்டு நெறிகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களின் பேரிடர்த் திட்டங்களில் காணப்படும் பொறுப்புப் பங்கீட்டின் வேர் அந்தப் பதின்மூன்று நாள்களில் இருக்கிறது.

கற்ற பாடமும் ஒரே தடவையில் பதிவதில்லை. 1991-ல் ஓக்லாந்து மலைத்தீயில் 25 பேர் இறந்தார்கள். உதவிக்கு வந்த அண்டை ஊர் எஞ்சின்களின் இணைப்பு இரண்டரை அங்குலம்; ஓக்லாந்தின் தெருக் குழாய்களின் வாய் மூன்று அங்குலம். மாற்றிணைப்பு இல்லாதவர்கள் நீருக்கு முன்னால் நீரின்றி நின்றார்கள். பொதுவான முறையை எல்லா ஊர்களும் பின்பற்ற வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டது அதன் பிறகுதான்.

நீரில்லாமல் தீயை நிறுத்துபவர்கள்

காட்டுத்தீயைப் பெரும்பாலும் நீர் அணைப்பதில்லை. எரியக்கூடியதை எல்லாம் வெட்டி, இழுத்து, கீறி, வெறும் மண் தெரியும்வரை ஒரு பட்டையை உருவாக்கினால், தீ அங்கே வந்து பசியில் சாகும். புல்டோசர் ஏறும் இடத்தில் புல்டோசர். அது ஏறாத இடத்தில் மனிதக் கைகள். முன்னால் சங்கிலி ரம்பத்துடன் ஓரிருவர், பின்னால் வெட்டிய கிளையை இழுத்துப் போடுபவர், அதன் பின் கோடரியும் கொத்தும் சேர்ந்த புலாஸ்கி, மண்வெட்டியும் வாரியும் சேர்ந்த மெக்லியாட் என வரிசையாக நகர்வார்கள். ஒருவர் இரண்டு மூன்று கொத்துக் கொத்திவிட்டு அடுத்த அடி வைப்பார். வரிசையின் கடைசி ஆள் கடக்கும்போது பாதை தயாராகியிருக்கும். இதுதான் கைக்குழு. மத்திய வனத்துறையின் ஹாட்ஷாட் குழுக்களில் இருபது பேர் இருப்பார்கள். மாநிலக் குழுக்களில் பன்னிரண்டிலிருந்து பதினேழு பேர்.

பல தலைமுறைகளாகக் கலிஃபோர்னியாவின் கைக்குழுக்களில் பெரும்பாலோர் சிறைவாசிகள். ஆரஞ்சு உடையில் இருப்பவர்கள் அவர்கள். இரண்டாம் உலகப் போரில் இளைஞர்கள் எல்லோரும் படைக்குப் போய்விட்டபோது காட்டைக் காக்க ஆளில்லை என்று சிறையிலிருந்து அழைத்தார்கள். 1946-ல் சான் டியேகோ மாவட்டத்தில் ரெயின்போ முகாம் நிரந்தரமாகத் திறந்தது. போர் முடிந்தும் ஏற்பாடு முடியவில்லை. சிறைத்துறை ஆள்களைத் தரும், கால் ஃபயர் கேப்டனைத் தரும், முகாமில் தங்கவைத்து வேலை வாங்குவார்கள்.

யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, தாங்களாக விண்ணப்பிப்பவர்களே வருகிறார்கள் என்பது உண்மை. தீவைப்பு, பாலியல் குற்றம், தப்பியோடிய வரலாறு உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை. ஒரு நாள் வேலைக்கு இரண்டு நாள் தண்டனைக் குறைப்பு. மதில் இல்லாத முகாம், நல்ல சாப்பாடு, குடும்பம் வந்து பார்க்க வசதி. தம் வாழ்க்கையில் முதன்முதலாக யாரோ நன்றி சொன்னது அங்கேதான் என்று சொன்னவர்கள் பலர். இதையெல்லாம் மதிக்கிறேன். ஆனால் சம்பளத்தையும் சொல்ல வேண்டும். நீண்ட காலம் அது நாளுக்கு 5.80 டாலரிலிருந்து 10.24 டாலர் வரை. தீயில் நிற்கும்போது கூடுதலாக மணிக்கு ஒரு டாலர். 2025-ல் அதே மாநிலத்தின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 16.50 டாலர். 2016-ல் மாலிபு மலையில் ஓர் இளம்பெண் கைதி மேலிருந்து உருண்டுவந்த பாறையில் அடிபட்டு இறந்தார். பாறை யார் தலையிலும் ஒரே எடையோடுதான் விழுகிறது.

மலிவான உழைப்பின் மேல் கட்டிய அமைப்பு, அந்த உழைப்பு குறையக் கூடாது என்று விரும்பத் தொடங்கும். 2014-ல் நெரிசலான சிறைகளிலிருந்து முன்கூட்டி விடுவிக்கும் திட்டத்தை விரிவாக்க வேண்டும் என்ற வழக்கில், அப்படிச் செய்தால் தீயணைப்பு முகாம்களுக்கு ஆள் கிடைக்காது என்று கலிஃபோர்னியா அரசின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் வாதிட்டார்கள். அப்போது மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்தவர், துளசேந்திரபுரத்தைத் தாய்வழிப் பூர்விகமாகக் கொண்ட கமலா ஹாரிஸ். தன் அலுவலகத்தின் அந்த வாதத்தைப் பத்திரிகையில் படித்து அதிர்ந்துபோனதாக அவர் சொன்னார். எனக்கு அந்த வாதத்தின் கொடூரத்தைவிட அதன் நேர்மை உறுத்துகிறது. வழக்கறிஞர்கள் பொய் சொல்லவில்லை. மாநிலத்தின் தீப்பாதுகாப்பு உண்மையிலேயே சிறை நிரம்பியிருப்பதை நம்பியிருந்தது.

சிறைகள் நிரம்பாமல் போயின. 2011-க்குப் பிந்தைய சீர்திருத்தங்கள் சிறு குற்றவாளிகளை மாவட்டச் சிறைகளுக்கு அனுப்பின. மாநிலச் சிறையில் குறைந்த அபாயக் கைதிகள் சுருங்கினார்கள். ஒரு காலத்தில் நாலாயிரத்தைத் தாண்டிய முகாம்வாசிகள் இரண்டாயிரத்துக்கும் கீழே வந்தார்கள். 2020 கோடையில் கொரோனா முகாம்களுக்குள் புகுந்து, மின்னல் தீக்களுக்குச் சற்று முன்பே பல குழுக்களை முடக்கிப்போட்டது. அந்த ஆண்டின் இறுதியில் 43 முகாம்களில் எட்டு மூடப்பட்டன. இந்த வெற்றிடத்தை நிரப்ப 1976-ல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் தொடங்கிய கலிஃபோர்னியா கன்சர்வேஷன் கோர் என்ற இளைஞர் படையிலிருந்தும், தேசியக் காவல்படையிலிருந்தும், நேரடியாகச் சம்பளம் பெறும் கால் ஃபயர் ஊழியர்களிலிருந்தும் புதுக் குழுக்கள் உருவாகின்றன. அப்படியிருந்தும் 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் நின்றவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆரஞ்சு உடையினர்.

விடுதலையான பிறகு இவர்களுக்கு நடந்ததுதான் நெடுநாள் அநியாயம். நகரத் தீயணைப்புத் துறையில் சேர அவசர மருத்துவ உதவியாளர் உரிமம் வேண்டும். குற்றப் பின்னணி அதற்குக் குறுக்கே நின்றது. ஊரைக் காத்தவர் வெளியே வந்ததும் அதே வேலைக்குத் தகுதியற்றவரானார். 2020 செப்டம்பரில் கையெழுத்தான சட்டம், முகாமில் பணிபுரிந்தவர்கள் நீதிமன்றத்தில் மனுச் செய்து தங்கள் பதிவைத் துடைக்க வழி திறந்தது. வெஞ்சுரா மாவட்டத்தில் 2018-ல் அவர்களுக்கென்றே ஒரு பயிற்சி மையம் தொடங்கியது. தீயில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 7.25 டாலர் என்ற சட்டம் 2025 அக்டோபரில் கையெழுத்தானது. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் அது. அந்தத் தொகையை எட்டவே எண்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

வாரத்துக்கு 72 மணி

கைதிகள் ஒரு தூண் என்றால் பருவகால ஊழியர்கள் மற்றொன்று. மே மாதத்தில் புல் காயும், அக்டோபர் முடிவில் மழை வரும், இடைப்பட்ட காலத்துக்கு ஆள் எடுத்தால் போதும் என்ற கணக்கில் எழுந்தது அது. பாரடைஸ் என்ற ஊர் முழுவதும் எரிந்து 85 பேர் இறந்தது 2018 நவம்பர் 8-ல். பாலிசேட்ஸ் எரிந்தது ஜனவரியில். நாள்காட்டி உடைந்துவிட்டது, நியமன ஆணைகள் பழைய நாள்காட்டியிலேயே இருக்கின்றன.

நிரந்தர ஊழியர்களின் நிலையும் சொல்லத்தக்கதல்ல. நம் ஊரில் வாரம் 48 மணி நேர வேலைக்கே பெருமூச்சு விடுகிறோம். கால் ஃபயரில் வாரம் 72 மணி என்பது 2024 வரை நீண்டகால நியதியாக இருந்தது. தொடர்ந்து மூன்று இரவு பகல் நிலையத்தில், பிறகு நான்கு நாள் வீடு. இது தீ இல்லாத வாரத்தில். மாற்று ஆள் இல்லாவிட்டால் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் கட்டாய ஓவர்டைம். பெருந்தீ ஆண்டுகளில் மூன்று வாரம், நான்கு வாரம், அதற்கும் மேல் வீடு பார்க்காதவர்கள் உண்டு. குழந்தை பிறந்ததைத் தொலைபேசியில் கேட்டவர்களும், மணவாழ்க்கை முறிந்து நின்றவர்களும் உண்டு. 2020, 2021 என அடுத்தடுத்து வந்த பேரழிவு ஆண்டுகளுக்குப் பின் தூக்கமின்மை, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் பற்றி அவர்களே பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள். உடல் வலிமையை மட்டுமே பெருமையாகப் பேசும் ஒரு தொழிலில் அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

மத்திய அரசின் வனத் தீயணைப்பாளர்களுக்கு மணிக்கு 15 டாலர்கூட இல்லாத காலம் 2021 வரை நீடித்தது. பயிற்சி பெற்றவர்கள் அங்கிருந்து கால் ஃபயருக்கும், அங்கிருந்து நகரத் துறைகளுக்கும் நகர்ந்துகொண்டே இருந்தார்கள். 2025-ல்தான் மத்திய ஊழியர்களின் ஊதிய உயர்வு நிரந்தரமானது.

விமானங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 23 எஸ்-2டி விமானங்களும், புதிய ஃபயர்ஹாக் ஹெலிகாப்டர்களும், 4,000 காலன் கொட்டும் சி-130 விமானங்களும் மாநிலத்தின் பெருமை. பெருமைக்கு உரியவையும்கூட. ஆனால் வானிலிருந்து கொட்டும் கரைசல் தீயின் வேகத்தைத்தான் தடுக்கும். கீழே யாராவது வந்து அந்தக் கோட்டை முடித்தாக வேண்டும். புதிய விமானம் வாங்கினால் ஆளுநர் அதன் முன்நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். நன்றாகத் தூங்கியெழுந்த ஓர் எஞ்சினியரின் முன்நின்று யாரும் படம் எடுப்பதில்லை.

2022-ல் ஊழியர் சங்கமும் மாநிலமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பலனாக 2024 நவம்பர் முதல் 72 மணி 66 ஆகக் குறைந்தது. நான்கு வாரத்துக்கு ஒரு முழு நாள் கூடுதலாக வீட்டில். அந்த ஒரு நாளுக்கு ஈடுகட்ட ஐந்தாண்டுகளில் 2,400க்கும் மேற்பட்ட புதிய பணியிடங்கள், முதல் ஆண்டுக்கு மட்டும் ஏறக்குறைய 20 கோடி டாலர். பெரிய தொகைதான். இத்தனை நாள் எவ்வளவு உழைப்பைக் கணக்கில் வராமல் அந்த மனிதர்களிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம் என்பதற்கான ரசீதும் அதுவே என்றுதான் நான் படிக்கிறேன்.

ஆனால் ஓய்வுக்கான ஆள் வேறு, வண்டிக்கான ஆள் வேறு. புதிதாக வருபவர்களில் பெரும்பகுதி, வீட்டுக்குப் போனவரின் இடத்தை நிரப்பவே தேவைப்படுவார்கள். மூன்று பேரோடு கிளம்பும் எஞ்சின், ஊழியர்கள் இன்னும் நன்றாகத் தூங்கியிருந்தாலும், மூன்று பேரோடுதான் கிளம்பும். நான்காவது ஆளுக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். வறண்ட ஆண்டில் போட்டு ஈரமான ஆண்டில் பறிக்காமல், ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஆண்டு முழுவதற்குமான நிரந்தர இடமாக அது இருக்க வேண்டும். அமடோர் மாவட்டத்தின் அயோன் நகரில் உள்ள பயிற்சி மையத்தில் எஞ்சினியர்களையும் கேப்டன்களையும் உருவாக்குகிறார்கள். பணத்தை ஒரே இரவில் ஒதுக்கலாம், மலையில் தீயின் போக்கைக் கண்ணால் படிக்கத் தெரிந்த கேப்டனை உருவாக்கப் பல பருவங்கள் தேவை. 2011-ல் இருக்கையை வெட்டியவர்கள், அந்த இருக்கையில் அமர்ந்து பழகி இன்று கேப்டனாகியிருக்க வேண்டிய ஒரு தலைமுறையையும் சேர்த்தே வெட்டினார்கள். இப்போது அரசு நியமிக்கும் இருபது வயது இளைஞர்கள் வண்டியின் முன் இருக்கைக்கு வர 2030-களின் நடுப்பகுதி ஆகும்.